டின்னுக்குத் தேதி பார்க்கிறோம், எஞ்சினுக்குப் பார்க்கிறோமா?



கடலை எண்ணெய் டின் வந்து இறங்கியதும் நாம் முதலில் பார்ப்பது பேக்கிங் தேதி. அடுத்து மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகிறோம். லேசாகச் சிக்கு வாடை அடித்தால் போதும், வண்டியை நிற்கச் சொல்லிவிட்டு மொத்த வியாபாரிக்குப் போன் போடுகிறோம். நல்லெண்ணெயில் எத்தனை மாதச் சரக்கு என்று நிறத்தையும் வாடையையும் வைத்தே சொல்லிவிடக் கூடியவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. ஆனால் அதே கடையின் பின்கட்டில் நிற்கும் ஜெனரேட்டருக்குள் கிடக்கும் ஆயிலுக்கு என்ன வயது என்று கேட்டால் தலையைச் சொறிகிறோம். நானும் சொறிந்தவன்தான். அதற்கு அபராதமும் கட்டியவன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

2012ஆம் ஆண்டு மின்வெட்டு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த காலம். கடன் வாங்கியாவது ஜெனரேட்டர் வைத்தோம். நானும் ஒரு சிறிய டீசல் ஜெனரேட்டர் வாங்கினேன். தினமும் எட்டு மணி நேரம் ஓடியது. மெக்கானிக் மாதம் தவறாமல் வந்து ஆயில் மாற்றிவிட்டுப் போவார். எஞ்சின் ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை.

பிறகு மின்வெட்டு குறைந்தது. ஜெனரேட்டருக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் சும்மா ஓட விட்டு நிறுத்துவதோடு சரி. அதுவும் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்பதற்காக. ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் மாற்றுவது? இது என் கணக்கு. குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்ப்பேன்; ஆயில் மட்டம் குறையவே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், நம் எஞ்சின் ஒரு சொட்டு ஆயில் குடிப்பதில்லை என்று. இப்படியே நான்கு வருடம் போயிற்று.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஐப்பசி மழையில் தெரு டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. கடை நிறையக் கூட்டம். இரண்டு ஃப்ரிட்ஜில் வெண்ணெய், நெய், ஐஸ்கிரீம். ஜெனரேட்டரைப் போட்டோம். மூன்று மணி நேரம் ஓடியது. பிறகு ஒரு கரகரச் சத்தம், புகை, அதோடு நின்றுவிட்டது. கையால் சுழற்றிப் பார்த்தால் அசையவில்லை. பண்டிகை வியாபாரம் பாதி போயிற்று. ஐஸ்கிரீம் முழுவதும் போயிற்று.

மெக்கானிக் பாய் வந்து பிரித்தார். ஆயிலைக் கீழே இறக்கி விரலில் தொட்டு முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். டீசல் வாடை குப்பென்று அடித்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணாச்சி, ஆயில் குறையலைன்னு சந்தோஷப்பட்டீங்க. குறைஞ்ச இடத்தை டீசல் வந்து நிரப்பிக்கிட்டு இருந்திருக்கு. மட்டம் ஏறியிருக்கான்னு பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." கிராங்க் ஷாஃப்ட் பேரிங் உராய்ந்து வழித்துப்போயிருந்தது. ஷாஃப்டின் மேல் துரு தின்ற புள்ளிகள். அடித்தட்டில் விரல் கனத்துக்குக் கசடு. ஓடாத எஞ்சினில் இவ்வளவு தேய்மானம் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். ஓடாததால்தான் வந்தது என்றார்.

மெஷினோடு வந்த கையேடு பாலிதீன் கவரில் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். "250 மணி நேரம் அல்லது 12 மாதம், எது முந்தியதோ" என்று தெளிவாகப் போட்டிருந்தது. முதல் பாதியைத்தான் நான்கு வருடமாக மனதில் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஓர் ஆச்சரியம். எஞ்சின் ஆயில் கெடுவதும் கடலை எண்ணெய் சிக்குப் பிடிப்பதும் கிட்டத்தட்ட ஒரே கதைதான். இரண்டுக்கும் எதிரி காற்றில் இருக்கும் ஆக்சிஜன். அது எண்ணெயோடு சேர்ந்து முதலில் பெராக்சைடு என்ற நிலையற்ற பொருளை உண்டாக்குகிறது. அது உடைந்து அமிலமாகிறது. பிறகு அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசுக்காகவும் கசடாகவும் மாறுகின்றன. வடை சுட்ட சட்டியின் ஓரத்தில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாத பிசுக்கு இருக்கிறதே, அதன் தம்பிதான் எஞ்சினுக்குள் படியும் பழுப்புப் பூச்சு. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் தாவர எண்ணெயைவிட நிதானமாகக் கெடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சூடு இந்த வேலையை வேகப்படுத்தும். பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. எண்ணெய் டின்னை வெயில் படும் இடத்தில் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இரும்புத் தூளும் செம்புத் தூளும் கலந்தால் இன்னும் வேகம் கூடும். எஞ்சினுக்குள் தேயும் ஒவ்வொரு துகளும் ஆயிலைக் கெடுக்கிறது. கெட்ட ஆயில் மேலும் தேய்க்கிறது. வட்டிக்கு வட்டி போடும் கடன் மாதிரி.

தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற வீடுகள் இன்றும் உண்டு. மார்கழிக் காலையில் மெஷின் மிதிக்கவே கனமாக இருந்தால் எண்ணெய் உறைந்துவிட்டது என்று பொருள். நல்லெண்ணெய் விட்டால் ஆறு மாதத்தில் பிசினாகிவிடும். ஆமணக்கெண்ணெய் வழவழப்பில் இவற்றுக்கெல்லாம் மேல். அந்தக் காலத்து விமான எஞ்சின்களிலேயே ஊற்றினார்கள். 1909இல் கேஸ்ட்ரால் என்ற பெயர் வந்ததே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான கேஸ்டரிலிருந்துதான். ஆனால் சூட்டில் அதுவும் பிசுக்குப் பிடித்துவிடும். இது சும்மா இடையில் சொன்னது.

ஆயிலின் வேலை என்ன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே ஒரு மெல்லிய படலமாக நின்று இரும்பும் இரும்பும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. 1883ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் டவர் என்ற எஞ்சினீயர் ரயில் வண்டி அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் தலையில் எண்ணெய் விட ஒரு துளை போட்டார். ஓட்டியதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் துளை வழியாக வெளியே வந்தது. ஆப்பு வைத்து அடைத்தார். ஆப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. சுழலும் தண்டு எண்ணெயைத் தானே இழுத்துக்கொண்டு போய் அழுத்தத்தை உண்டாக்கி, அந்த அழுத்தத்தின் மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. 1886இல் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி இதற்குக் கணக்கு எழுதினார். அந்தப் படலத்தின் கனம் மெல்லிய இடத்தில் சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனம் சுமார் எழுபது மைக்ரான். அத்தனை மெல்லிய படலத்தை நம்பித்தான் நம் லோடு வண்டியும் ஜெனரேட்டரும் ஓடுகின்றன.

படலம் நிற்பது ஆயிலின் கெட்டித்தன்மையைப் பொறுத்தது. டப்பாவில் 15டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், நூறு டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை 12.5க்கும் 16.3க்கும் இடையே இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு உண்டு. வயதாக ஆக இது மாறுகிறது. ஒரு திசையில் மாறினால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது இரண்டு திசையிலும் இழுக்கப்படுகிறது. ஆக்சிஜனும் புகைக்கரியும் ஆயிலைக் கெட்டியாக்குகின்றன. கசியும் டீசல் அதை நீர்க்கச் செய்கிறது. கெட்டித்தன்மையை நிலைநிறுத்தச் சேர்த்த நீண்ட மூலக்கூறுகள் அரைபட்டு அறுந்துபோவதாலும் நீர்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டினால் அளந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு தட்டில் கல்லும் மறு தட்டில் மண்ணும் வைத்தாலும் தராசு முள் நடுவில்தான் நிற்கும். நமக்குத் தெரியாததா?

எண்ணெய் மட்டும்தான் ஆயில் என்று நினைக்க வேண்டாம். அதில் மருந்துச் சரக்கும் சேர்ந்திருக்கிறது. எரிபொருள் எரிவதால் வரும் அமிலத்தை முறிக்கக் காரப்பொருள் சேர்க்கிறார்கள். இதைக் கையிருப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். தினமும் கொஞ்சம் செலவாகிறது. இருப்பு தீர்ந்த அன்று அமிலம் நேரே பேரிங்கை அரிக்கத் தொடங்கும். இன்னொரு சரக்கு துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம். படலம் அறுந்து இரும்பும் இரும்பும் தொடும் இடங்களில், அதாவது எஞ்சின் கிளம்பும்போதும் நிற்கும்போதும், இது உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சை உண்டாக்குகிறது. அதன் கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். இரும்புக்குப் பதில் அந்தப் பூச்சு தேய்கிறது, மறுபடி உண்டாகிறது. சரக்கு தீரும் வரையில்தான் இந்தக் காவல். புகைக்கரி சேர்ந்துவிட்டால் அது உப்புத்தாள் மாதிரி இந்தப் பூச்சைச் சுரண்டிவிடும்.

என் ஜெனரேட்டரில் நடந்ததும் இதுதான். பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓடும் எஞ்சின் சரியாகச் சூடேறாது. டீசல் முழுவதும் எரியாமல் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. எரிந்ததில் உண்டான நீராவி வெளியே போகாமல் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராக நிற்கிறது. தண்ணீர், அமிலம், டீசல் மூன்றும் வாரம் முழுவதும் ஆயிலோடு ஊறிக்கொண்டிருக்கின்றன. சூடேறி ஓடினால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும். ஆகவே, ஜெனரேட்டரைச் சும்மா வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது: வாரம் பத்து நிமிடம் வெறுமனே ஓட்டுவதைவிட, மாதம் ஒருமுறை ஃப்ரிட்ஜையும் விளக்கையும் சேர்த்து, அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத சுமையோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆயிலை மணிக்கணக்கு ஆனாலும் ஆகாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். உராய்வு வேறு, தேய்மானம் வேறு. உராய்வு டீசல் செலவில் தெரியும். தேய்மானம் உதிரிபாகச் செலவில் தெரியும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறும் என்பதில்லை. நீர்த்துப்போன ஆயிலில் எஞ்சின் லேசாகச் சுற்றும். என் ஜெனரேட்டரும் கடைசி வருடத்தில் "நல்லா லேசா ஓடுது" என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டிருந்தது. மாறாக, உராய்வைக் குறைக்கவென்றே சேர்க்கும் மாலிப்டினம் போன்ற சரக்கு முதலில் தீர்ந்துபோகும் ஆயில்களில், தேய்மானம் கூடுவதற்கு முன்பே மைலேஜ் குறையத் தொடங்கும். எனவே ஒரு பேரேட்டை மட்டும் பார்த்து லாபமா நஷ்டமா என்று முடிவு கட்ட முடியாது.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் ஊற்றிய நல்ல ஆயில் ஒரே நாளில் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் வாங்கி மிதக்க வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கறுப்பாக இருப்பதால் கெட்டது என்றும் சொல்ல முடியாது, பொன்னிறமாக இருப்பதால் நல்லது என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பதில் செலவில்லாத இரண்டு சோதனைகள் உண்டு. வடிகட்டும் தாள் ஒன்றில் ஒரு சொட்டு ஆயிலை விட்டு ஒரு நாள் காய விடுங்கள். கரி நடுவில் கெட்டியான பொட்டாக, ஓரம் கத்தரித்தது போல நின்றுவிட்டால் கரியை மிதக்க வைக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது. வெளியே நிறமில்லாத ஈர வளையம் அகலமாகப் படர்ந்தால் டீசல் கலந்திருக்கிறது. இன்னொன்று, சூடான தகட்டில் ஒரே ஒரு சொட்டு. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே பொரியும். தாளிக்கும்போது கடுகு மட்டுமா வெடிக்கிறது, ஈரக் கரண்டியும் வெடிக்கிறதே, அதே சங்கதிதான்.

"குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்கிறேனே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். மேலே ஊற்றுவது மாற்றுவது ஆகாது. புளித்த மோரில் புதுப் பாலை ஊற்றினால் பால் என்ன ஆகும்?

ஆனால் நியாயத்தை இரண்டு பக்கமும் பேச வேண்டும். அடிக்கடி மாற்றுவதும் புண்ணியமில்லை. ஆயில் கம்பெனிக்காரர்களும் சர்வீஸ்காரர்களும் சீக்கிரம் மாற்றச் சொல்வதில் அவர்களுக்கும் லாபம் உண்டு என்று நம்மவர்கள் சந்தேகப்படுவதில் தவறில்லை. அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் பழக்கம் பல காலம் வேரூன்றியிருந்தது. புதிய வண்டிகளுக்கு அது தேவையில்லை, வீண் என்று கலிபோர்னியா மாநில அரசே பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. அதைவிட வியப்பு, சில எஞ்சின் சோதனைகளில் புத்தம் புது ஆயிலைவிட, கொஞ்ச தூரம் ஓடிய ஆயிலில் வால்வுப் பகுதித் தேய்மானம் குறைவாக இருந்திருக்கிறது. நான் மேலே சொன்ன காவல் பூச்சை உண்டாக்கும் சரக்கு சூட்டில் கொஞ்சம் பக்குவப்பட்ட பிறகு நன்றாக வேலை செய்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். புது அரிசியைவிடப் பழைய அரிசி சாதத்துக்கு நல்லது என்கிறோமே, அது மாதிரி. அதற்காக ஐந்து வருட அரிசியை யாரும் வாங்குவதில்லை. கையேட்டில் சொன்ன அளவுக்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம் என்பதே என் கட்சி.

மாவு மில், மிளகாய் மில், செக்கு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கிரீஸ் என்பது ஆயிலைப் பஞ்சு போலப் பிடித்து வைத்திருக்கும் ஒரு வகைச் சோப்புதான். வயதானால் ஆயில் கசிந்து வெளியேறி வெறும் சோப்பு மட்டும் கட்டியாக நிற்கும். பார்த்தால் பேரிங் நிறைய கிரீஸ் இருப்பது போலவே தெரியும். மில்லில் மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடுகிறது. பழைய கிரீஸை வழித்து எடுக்காமல் மேலே மேலே அடைப்பதும் தவறு. அளவுக்கு மீறினால் பேரிங் சூடேறும். ஒரு வகைக் கிரீஸோடு வேறு வகையைக் கலந்தால் சில சமயம் இரண்டும் இளகி ஓடிவிடும். ஷட்டர் கிறீச்சிடுகிறது என்று வேஸ்ட் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். அதில் தெருப் புழுதி ஒட்டி ஷட்டர் தண்டவாளத்தை அறுக்கிறது. போதாததற்கு அது சொட்டுவது அரிசி மூட்டை மேல்.

வேஸ்ட் ஆயில் என்று சொன்னதும் கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வந்துவிட்டேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நம் உறுப்பினர்களில் சிலர் மளிகையோடு ஆயிலும் விற்கிறோம். கம்பெனி சீல் உடையாத டப்பாவும் விற்கிறோம். லூஸாக அளந்து கொடுப்பதும் நடக்கிறது. அந்த லூஸ் ஆயில் எங்கிருந்து வருகிறது? ஒர்க்ஷாப்களில் இறக்கிய கறுப்பு ஆயிலை டிரம்மில் வாங்கிப் போகிறவர்கள், மண்ணாலும் அமிலத்தாலும் நிறத்தை வெளுத்து, துணியில் வடிகட்டி, பளபளவென்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். நிறம் போயிற்று, டீசல் போகவில்லை. செலவான சரக்கும் திரும்பி வரவில்லை. பழைய ஆயிலை முறைப்படி தண்ணீர் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, சுத்தம் செய்து, புதிதாகச் சரக்கு சேர்த்தால் அது புது ஆயிலுக்குச் சமமாகவே இருக்கும். அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி கெடுவதில்லை, அழுக்குத்தான் சேர்கிறது. அப்படிச் செய்யும் ஆலைகள் நம் நாட்டில் உண்டு. அவற்றை நான் குறை சொல்லவில்லை. வடிகட்டி விற்பவரைத்தான் சொல்கிறேன். அவரிடம் வாங்கி ஆட்டோ டிரைவருக்குப் பாதி விலைக்குக் கொடுக்கும் நம்மையும்தான் சொல்கிறேன். அந்த டிரைவர் நம்மிடம் மாதக் கணக்கில் அரிசி பருப்பு வாங்குகிறவர். அவர் எஞ்சின் நின்றால் நம் பாக்கியும் நிற்கும்.

பழைய ஆயிலும் வேண்டாத ஆயிலும் கணக்கில்லாமல் சந்தைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1959ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டில் நடந்ததை மளிகைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க விமானத் தளம் ஒன்றிலிருந்து உபரி என்று கழித்துவிட்ட ஜெட் எஞ்சின் ஆயிலை வியாபாரிகள் சிலர் வாங்கிச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். ஏறக்குறைய 10,000 பேருக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. அந்த விஷம் வேறொன்றுமில்லை. தேய்மானத்தைத் தடுப்பதற்காக ஆயிலில் சேர்த்திருந்த பாஸ்பேட் சேர்மம்தான். எஞ்சினைக் காப்பாற்றுவது மனிதன் நரம்பை முறித்தது. கழுவிவிட்டோம் என்று சொல்லி ஆயில் கேனில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் எந்தக் கடையிலாவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

சட்டமும் இப்போது சும்மா இல்லை. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய ஆயிலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். 1-4-2024 முதல் ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதியாளர்களும் குறிப்பிட்ட பங்கு பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் வந்திருக்கிறது. அவர்களுக்குப் பழைய ஆயில் தேவை. நம்மிடம் அது இருக்கிறது. நாமோ சாக்கடையில் ஊற்றுகிறோம், இல்லை வடிகட்டிக்குக் கொடுக்கிறோம்.

என்னுடைய யோசனை இதுதான். மார்க்கெட் கொட்டகையில் சங்கத்தின் பெயரில் ஒரு மூடி போட்ட டிரம் வைப்போம். உறுப்பினர்களின் ஜெனரேட்டர், லோடு வண்டி, மில் கியர்பாக்ஸ் எதிலிருந்து இறக்கினாலும் அதில் சேரட்டும். டிரம் நிறைந்ததும் அனுமதி பெற்றவரை வரவழைத்து ரசீதோடு கொடுப்போம். வரும் பணம் சங்கக் கணக்கில் போகட்டும். லூஸ் ஆயில் விற்பதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுவோம். "நாம் விற்காவிட்டால் பக்கத்துத் தெருக்காரன் விற்பான்" என்பார்கள். விற்கட்டும். கலப்பட மிளகாய்த்தூள் விற்பதில்லை என்று முடிவெடுத்தபோதும் இதே பேச்சுத்தான் வந்தது. நம் வியாபாரம் படுத்துவிடவில்லை.

கடைக்காரர் தனியாகச் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. காலி ஆயில் டப்பாவைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதே டப்பா, அதே லேபிளோடு, உள்ளே வேறு ஆயிலோடு உங்கள் கடைக்கே விற்பனைக்கு வரும். ஷெல்ஃபில் இருக்கும் ஆயிலிலும் பழையதை முன்னே, புதியதை பின்னே வையுங்கள். அது சீல் உடையாமல் நிழலில் இருந்தால் சில வருடம் தாங்கும், கிரீஸ் அதைவிடக் குறைவு. பிறகு, ஆயில் மாற்றிய தேதியையும் மணி மீட்டர் எண்ணையும் எழுதி வையுங்கள். தனி நோட்டு வேண்டாம், அது தொலைந்துவிடும். கல்லாப் பெட்டிக்கு மேலே காலண்டரில் எழுதினால் ஜனவரியில் காலண்டரோடு போய்விடும். லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி எழுதி வைத்திருக்கும் இடத்திலேயே எழுதுங்கள். அதை யாரும் மறப்பதில்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு வருடம் ஆயில் மாற்றாமல் மிச்சம் பிடித்தது நான்கு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் கூலியும். ஷாஃப்ட் தேய்த்து பேரிங் மாற்றியதற்கு அதைப் போல ஆறு மடங்கு ஆயிற்று. ஐஸ்கிரீமையும் தீபாவளி வியாபாரத்தையும் நான் இதில் சேர்க்கவில்லை. இங்கிலாந்தில் 1966ஆம் ஆண்டு ஜோஸ்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு இதே கணக்கை நாடு முழுவதற்கும் போட்டது. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே அந்நாட்டுத் தொழில்துறைக்கு வருடம் 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று எழுதினார்கள். அந்த அறிக்கையைப் பார்த்துப் பலர் நம்பவில்லையாம். நான் நம்புகிறேன்.

டிரம் வாங்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். கொட்டகையில் எந்த மூலையில் வைப்பது என்பதை மட்டும் செயலாளர் அவர்கள் சொல்ல வேண்டும். அரிசி மண்டி பக்கம் வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கமும் வேண்டாம்.